கண்ணாடிப் பெட்டிக் கனவான்

அமெரிக்க தேசத்துச் சிற்றூர்களில், ஒரு பக்கம் தூண்டிலும் வேட்டைத் தொப்பிகளும் தொங்க, மறுபக்கம் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் கைத்துப்பாக்கிகள் சயனித்திருக்கும் கடைகள் உண்டு. அத்தகைய கடைக்குச் சனிக்கிழமை காலையில் போகிறவர், கண்ணாடியின்மேல் இரு முழங்கைகளையும் ஊன்றி, மூலஸ்தானத்தைத் தரிசிக்கும் பக்தரைப் போல் உள்ளே நோக்கி நிற்கும் கனவான் ஒருவரைக் காணாமல் திரும்புவது அரிது. அவர் ஒகாயோவிலும் இருப்பார், டெக்ஸாஸிலும் இருப்பார். அவரை வாடிக்கையாளர் என்று சொல்லலாமா என்பது கடைக்காரரே இன்னும் நிர்ணயிக்காத விஷயம்.

அவரை மூன்று வருஷங்களாக வாட்டும் விசாரம் இதுதான்: பிஸ்டலுக்கு உரிய 9 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடக்கூடிய ரிவால்வர் ஒன்றை வாங்கலாமா, வேண்டாமா? வீட்டில் அந்த அளவுப் பிஸ்டல் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அதற்கான தோட்டாக்களும் அலமாரி நிறைய இருக்கின்றன. ஆஸ்திரியரான லூகர் வகுத்து 1902-இல் வெளிவந்த அந்தத் தோட்டாவைப் பல தேசத்துச் சேனைகளும் சுவீகரித்துக்கொண்டபடியால், அது மலைமலையாக உற்பத்தியாகி, ரிவால்வருக்கென்றே பிறந்த .38 ஸ்பெஷலைவிட மலிவாகக் கிடைக்கிறது. பெட்டிக்குச் சில டாலர் மிச்சம் பிடிப்பதற்காகப் பல நூறு டாலர் செலவழிக்கும் இந்தப் பொருளாதாரத்தை, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பாட்டிமார் ஒரு நொடியில் தள்ளிவிடுவார்கள். ஆனால் நம் கனவான் பூர்வபட்சம், சித்தாந்தம் என்ற முறைப்படி வாதிப்பவர். பூர்வபட்சம் இரண்டு உண்டு, சித்தாந்தம்தான் இல்லை.

பிஸ்டல் தோட்டாவுக்கு அடியில் புடைத்த விளிம்பு கிடையாது. ரிவால்வரோ சுட்ட கூட்டை அந்த விளிம்பைப் பற்றித்தான் வெளியே தள்ளும். மொட்டைத் தலையனைக் குடுமியைப் பிடித்து எப்படி வெளியேற்றுவது? 1917-இல் அமெரிக்கா உலக யுத்தத்தில் இறங்கியபோது, சேனைக்குப் போதிய பிஸ்டல்கள் இல்லாமல், கோல்ட், ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ஆகிய இரு கம்பெனிகளும் தங்கள் ரிவால்வர்களை .45 பிஸ்டல் தோட்டாவுக்கு ஏற்றவாறு செய்து கொடுத்ததையும், மும்மூன்று தோட்டாக்களைப் பிடித்துக்கொள்ளும் அரைச்சந்திர வடிவத் தகடு அந்தக் குடுமிப் பிரச்னையைத் தீர்த்ததையும், அரைச்சந்திரன் பிற்காலத்தில் வளர்ந்து பூரண சந்திரனானதையும் அவர் புராணிகரைப் போல் விவரிக்கும்போது, பாவம், தூண்டில் முள் வாங்க வந்தவர்கள்கூட நின்று கேட்பார்கள். 1999-இல் ஜெரி மிக்குலெக் என்ற வீரர், ஆறு குண்டு சுட்டு, சந்திரத் தகட்டோடு மறுபடி ஆறு தோட்டாவை நிரப்பி, அவற்றையும் சுட்டு முடிக்க 2.99 நொடிதான் எடுத்துக்கொண்டார் என்பதைச் சொல்லும்போது அவர் கண்கள் பனிக்கும்.

உடனே அவரே மறுதரப்பு வக்கீலாகிவிடுவார். அந்தத் தகடு சற்றே வளைந்தாலும் உருளை சுழலாது. துப்பாக்கி இலேசானதாக இருந்தால், உதைப்பின் வேகத்தில், இன்னும் சுடாத தோட்டாவின் குண்டு கூட்டைவிட்டு முன்னே நகர்ந்து உருளையை அடைத்துவிடக்கூடும். தகடே வேண்டாத 547 என்ற மாதிரியை ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 1980-களில் செய்தார்களே, அது மட்டும் இப்போது கடையில் இருந்தால் மறுபேச்சில்லாமல் வாங்கியிருப்பாராம். உற்பத்தி நின்றுபோன பொருள்களிடத்தில் அவருக்கு உள்ள உறுதி அபாரமானது.

ஒருமுறை அவருடைய மனைவியும் கூட வந்திருந்தாள். கடைக்காரர் எடுத்து வைத்த ரிவால்வரைப் பார்த்து, "இதில் எத்தனை தோட்டா போடலாம்?" என்று கேட்டாள்.

"ஐந்து அம்மா."

"வீட்டில் இருப்பதில்?"

"பதினைந்து" என்றார் கனவான், குரல் சற்று இறங்கி.

"பத்தைக் குறைத்துக்கொள்வதற்கா பணம் கொடுக்கவேண்டும்?" என்றாள் அந்த அம்மாள். நெடுங்கால வழக்குக்கு அன்று தீர்ப்புக் கிடைத்துவிட்டதென்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அடுத்த சனிக்கிழமை அவர் தனியாக வந்து மேல்முறையீடு செய்துகொண்டார்.

கடைக்காரருக்கு இவரிடம் கோபம் உண்டோவென்றால், இல்லை. இரண்டு மணி நேர விசாரத்துக்குப் பிறகு வெறுங்கையோடு போவது மரியாதையன்று என்று கருதும் கனவான், விலை மலிவாயிருக்கிறதே என்று 9 மில்லிமீட்டர் தோட்டா ஐம்பது கொண்ட பெட்டி ஒன்றை ஒவ்வொரு வாரமும் வாங்கிக்கொண்டு போகிறார். வீட்டு அலமாரியில் தோட்டா பெருகுகிறது; பெருகப் பெருக, இத்தனை தோட்டாவையும் வீணாக்காமல் இருக்க ஒரு ரிவால்வர் அவசியமல்லவா என்ற வாதமும் பலப்படுகிறது. அதைப் பற்றி ஆலோசிக்க, வருகிற சனிக்கிழமை அவர் கட்டாயம் வந்துவிடுவார்.