மாயாவிக்கு ஃப்ளாஷ்பேக் வேண்டாம்

பழைய சூப்பர் ஹீரோக்களைத் தூசு தட்டி, இன்றைய வாசகருக்கு ஏற்றபடி இறக்குவதற்கென்றே எல்லா ஊரிலும் ஒரு கோஷ்டி இருக்கிறது. இவர்கள் முதலில் கை வைப்பது ஹீரோவின் உடையில். அடுத்து அவனுடைய நிம்மதியில். சின்ன வயதில் ஒரு சோகம், அப்பாவோடு மனஸ்தாபம் என்று ஏற்றிவிட, நாலாவது பக்கத்திலேயே பயல் மொட்டை மாடியில் மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்துவிடுகிறான். அப்புறம் திருடனை யார் பிடிப்பது?

என் கவலையெல்லாம் இரும்புக்கை மாயாவியைப் பற்றி. 1972-இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழிலேயே சிவகாசியிலிருந்து களமிறக்கிய ஆள். பிறந்தது என்னவோ இங்கிலாந்தில், 1962-இல், 'வேலியண்ட்' வார இதழில். எழுதியவர் கென் புல்மர். வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கையைத் தவிர மொத்த ஆளும் மாயமாகிவிடுவான். சட்டை, பேன்ட்டும் சேர்ந்தே மறையும். அதெப்படி என்று எங்கள் செட்டில் ஒருத்தனும் கேட்டதில்லை. துணி மறையாவிட்டால் அவிழ்த்துப் போட்டுவிட்டுத்தான் துப்பறிய வேண்டும். சிறுவர் பத்திரிகைக்கு அது சரிப்படாது.

என் தம்பி மகன் வேறொன்று கேட்டான். புத்தகத்தைப் பாதியில் மடக்கி வைத்துவிட்டு, "பெரியப்பா, பிளக்ல விரலை விட்டா ட்ரிப் ஆயிடுமே?" என்றான்.

நியாயமான கேள்வி. இப்போதெல்லாம் வீட்டுக்கு வீடு, கரண்ட் கசிந்தால் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. இருக்கிறது. மாயாவி விரலை வைத்த மாத்திரத்தில் வீடே இருட்டாகி, வில்லன் டார்ச்சோடு மெயின் பாக்ஸைப் பார்க்க வந்துவிடுவான். முத்து காமிக்ஸும் அதன் சகோதர இதழான லயனும் 2012-இல் மறுபிரவேசம் செய்தபோது நிலைமை இதைவிடக் கேவலம். சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளில் பாதி நேரம் கரண்ட்டே கிடையாது. கரண்ட்டை நம்பிப் பிழைக்கிறவனுக்கு அதைவிடக் கெட்ட நேரம் ஏது?

"பவர் பேங்க் வெச்சுக்கலாம்ல?" பரிகாரமும் அவனே சொன்னான்.

"அஞ்சு வோல்ட்டுக்கு இடது கை சுண்டுவிரல்தான்டா மறையும்."

மாயாவியைப் புதுப்பிக்கிறேன் பேர்வழி என்று கிளம்பியவர்கள் ஏற்கெனவே உண்டு. அறுபதுகளிலேயே அமெரிக்க ஹீரோக்களைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டு, மாயாவிக்கும் இறுக்கமான ஒரு உடையை மாட்டிவிட்டார்கள். கொஞ்ச காலத்தில் அவர்களே கழற்றியும் விட்டார்கள். 2005-இல் காமிக்ஸ் எழுத்தாளர் ஆலன் மூர் கதைக்கரு கொடுக்க, அவர் மகள் லியாவும் மருமகன் ஜான் ரெப்பியனும் எழுதிய 'ஆல்பியன்' தொடரில், பழைய பிரிட்டிஷ் ஹீரோக்கள் மொத்தமாகச் சிறையில் கிடக்கிறார்கள். இரும்புக்கைக்காரரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

'ஹீரோவுக்கு ஒரு இருண்ட பக்கம் வேண்டும்' என்பது இப்போதைய ஃபேஷன். ஐயா, மாயாவி அறிமுகமானதே அயோக்கியனாகத்தான்! முதல் கதையில் கொள்ளையடித்தான், நியூயார்க்கைத் தகர்க்கப் பார்த்தான். திருந்தி, நிழற்படை என்ற ரகசிய உளவு அமைப்பில் சேர்ந்து மாதச் சம்பளக்காரன் ஆனதெல்லாம் பிற்பாடு. அதற்காக அவன் ஒரு பக்கம்கூட உட்கார்ந்து அழுததாக எனக்கு நினைவில்லை.

இயக்குநர் லோகேஷ் கனகராஜ் 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரில் ஒரு படம் எடுக்கப்போவதாக வருஷக்கணக்கில் பேச்சு அடிபடுகிறது. யார் எடுத்தாலும் சரி, ஒரு ரசிகனின் விண்ணப்பம்: காதல் தோல்வி வேண்டாம், குடும்ப ஃப்ளாஷ்பேக் வேண்டாம். பதினைந்து ஆம்பியரில் உருப்படியான ஒரு பிளக் பாயின்ட் கொடுங்கள். மீதியை அவன் பார்த்துக்கொள்வான்.