பெருந்திரைக்காரர்

பன்னிரண்டு தவணையில் 55 அங்குலத் தொலைக்காட்சியை வாங்கச் சற்றும் தயங்காமல், வாங்கிய பின் அது ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆகும் காசை நினைத்து நெஞ்சு பதைக்கும் குடும்பத் தலைவரைப் பெருந்திரைக்காரர் எனலாம். 2006-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைத்த 14 அங்குலப் பெட்டி கூடத்தில் இருந்தவரை இவர் கரண்ட் பில்லைப் பற்றி வாய் திறந்ததாக வீட்டில் எவருக்கும் நினைவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தபோது, மிச்சமாகும் பணத்தைக் கணக்கிட்டு, 43 அங்குலத்தை விட்டு 55 அங்குலத்துக்குத் தாவிய சிக்கனக்காரர்களும் இவ்வினத்தவரே.

அங்குலக் கணக்கு என்பது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரையுள்ள குறுக்களவாகும். அதனால் 32-க்கும் 55-க்கும் உள்ள வேறுபாடு எண்ணில் இரு மடங்கை எட்டாவிட்டாலும் பரப்பில் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. பரப்பு பெரிதானால் தீனியும் பெரிதாகத்தான் இருக்கும் என்பது பெருந்திரைக்காரரின் அசைக்க முடியாத சித்தாந்தம். "பழைய குண்டு பல்பு இழுக்கிற அளவுதான் சார் இழுக்கும்" என்று ஷோரூம் பையன் சொல்லும்போது, அன்று முழுவதும் அவன் சொன்னவற்றுள் முற்றிலும் உண்மையான அந்த ஒரே வாக்கியத்தை மட்டும் நம்ப மறுத்து, மற்ற அனைத்தையும் நம்பி, கூடுதல் வாரண்டிக்கும் பணம் கட்டிவிட்டு வீடு திரும்புகிறார்.

வீட்டில் அன்றே சட்டங்கள் பிறக்கின்றன. டிவி ஓடினால் ட்யூப் லைட் எரியக் கூடாது. விளம்பரம் வந்தால் அணைத்துவிட வேண்டும். சம்பந்தி வீட்டார் வந்திருக்கும்போது மட்டும் வெளிச்சத்தை உச்சத்தில் வைக்கலாம். இவற்றையும் மீறி ரீடிங் எகிறுவதாகத் தோன்றினால், மூக்குக்கண்ணாடியுடன் வாசல் மீட்டருக்கு முன்னால் போய் நிற்கிறார். மின்சாரத்தை அளக்கும் அலகாகிய யூனிட் என்பது ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடுவதற்கான செலவு. அலகுக்கு 3200 முறை மினுக்கும் மீட்டரில், நூறு வாட் டிவி மட்டும் ஓடினால் சிவப்பு விளக்கு ஏறக்குறைய பதினொரு நொடிக்கு ஒருமுறை கண் சிமிட்டும். அந்த நேரம் பார்த்து அம்மணி குளியலறையில் 2000 வாட் ஹீட்டரைப் போட, விளக்கு நொடிக்கு இருமுறை துடிக்கத் தொடங்கும். உடனே இவர் கூடத்தை நோக்கி, "முதல்ல அந்தக் கிரிக்கெட்டை நிறுத்துடா!" என்று முழங்குகிறார்.

நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் ஓடினாலும் அத்தகைய டிவிக்கு அரை யூனிட்தான் ஆகும். அந்த ஹீட்டர் அரை மணி நேரத்தில் குடிப்பது ஒரு யூனிட். ஆயினும் இவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுத்து, முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் வாங்காமல், மேலே போகப்போக விலையை ஏற்றுகிறார்கள். மொத்தம் 500-ஐத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குத் தரும் சலுகை விலையும் பறிபோகிறது. ஏற்கெனவே 480-இல் நிற்கும் வீட்டை டிவியின் முப்பது யூனிட் அந்த எல்லைக்கு அப்பால் தள்ளிவிடக்கூடும் என்பது மெய்தான். அந்த 480-க்குக் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்ற கேள்வியை, இரவெல்லாம் போர்வைக்குள் நடுங்கியபடி ஏசியில் உறங்கும் பெருந்திரைக்காரர் எழுப்புவதில்லை.

உறங்கப் போகுமுன் டிவியின் பிளக்கைப் பிடுங்கி வைப்பது அவருடைய நித்திய கடமை. ரிமோட்டால் அணைத்த பின்னும் அடுத்த கட்டளைக்காகக் கருவி விழித்திருக்கும் காத்திருப்பு நிலையில் அது அரை வாட் இழுத்தாலும், இரு மாதம் முழுவதும் சேர்த்து ஒரு யூனிட்டைத் தொடாது. பக்கத்தில் இருக்கும் செட்டாப் பாக்ஸை மட்டும், மறுபடி உயிர்பெற நேரம் பிடிக்கிறது என்பதற்காக, அவர் அணைப்பதே இல்லை. பத்து வாட் இழுக்கும் பெட்டியானால், யாரும் எதையும் பார்க்காவிட்டாலும், அதே இரு மாதங்களில் அது 14 யூனிட்டுக்கு மேல் தின்கிறது. அவர் கண்காணிக்கும் அந்தப் பெருந்திரையின் செலவில் ஏறத்தாழப் பாதி.