நல்லாத்தானுங்க ஓடுது

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளில் ஒரு வகையினர், நிட்டிங் மெஷின் தகராறு செய்தால் உடனே புதுசு பார்ப்பார்கள். சர்வரை மட்டும் மாற்ற மாட்டார்கள். இவ்வகையினர் துணியை இரண்டு விரலுக்கிடையே தேய்த்தே அதன் எடையை ஜிஎஸ்எம்மில் சொல்லிவிடுவர். சர்வரில் ஓடுவது எந்த விண்டோஸ் என்றால், "நல்லாத்தானுங்க ஓடுது" என்பர்.

சர்வர் அக்கவுண்ட்ஸ் அறை மூலையில் இருக்கும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்ததோடு சரி. மற்ற நாளெல்லாம் அதன் ஃபேனில் பஞ்சு படியும். உள்ளே விண்டோஸ் சர்வர் 2008. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-இல் முடித்துக்கொண்டது. மறுநாள் காலையும் அது ஓடியதால், எச்சரித்த சிஸ்டம் தம்பியின் பேச்சுக்கு மதிப்புப் போய்விட்டது. நின்றுபோனது சர்வர் அல்ல, ஓட்டையை அடைக்கும் பேட்ச் என்பது முதலாளி காதில் ஏறாது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டியபோதும், கம்ப்யூட்டருக்குப் பேட்ச் போட்டாயிற்றா என்று இவர் கேட்கவில்லை. மூன்று நாள் மெயிலைத் திறக்க வேண்டாம் என்று உத்தரவிட்டார்.

மாற்றத் திட்டமிடுவோர் முதலில் எடுப்பது, சர்வரை நம்பி என்னென்ன ஓடுகிறது என்ற பட்டியல். டேலி, சம்பளக் கணக்கு, கைரேகை அட்டெண்டன்ஸ், மெர்ச்சண்டைசர்களின் ஃபோல்டர் என்று நீளும். கடைசியில் டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோவில் எழுதிய ஜாப்-ஒர்க் புரோகிராம் தலைகாட்டும். எழுதியவர் எங்கிருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. டையிங்குக்குப் போகும் டெலிவரி சலான் அதில்தான் அடிக்கப்படுகிறது. 2008 ஆர்2 முதல் விண்டோஸ் சர்வர் 64 பிட்டில் மட்டுமே வருகிறது. 16 பிட் புரோகிராம் அதில் நேரடியாக ஓடாது. புதிதாக எழுத வேண்டும், அல்லது மெய்நிகர் கணினியில் தனியே அடைத்து வைக்க வேண்டும். இரண்டுக்கும் முதலாளியின் விடை, "பழசையே வெச்சுக்கலாமே தம்பி."

பேக்கப் கேட்டால் மேஜை டிராயரிலிருந்து ஒரு பென்டிரைவ் வரும். வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, கணக்கு திறக்கிறதா என்று பார்க்காதவரை அது பேக்கப் ஆகாது. அடுத்து விலை. சர்வர் லைசென்ஸுக்கு மேல், அதைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் அல்லது ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி லைசென்ஸ் என்றதும், "பஸ்ஸ வாங்குனாலும் ஆளுக்கொரு டிக்கெட்டுங்களா?" என்பார். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

நாள் குறிப்பதுதான் பெரும்பாடு. ஷிப்மெண்ட் போகட்டும் என்பார். தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் கிளம்புமுன் அடுத்த ஆர்டர் வந்துவிடும். மாதத்தில் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜிஎஸ்டிக்கு. மிஞ்சுவது தீபாவளி விடுமுறை. போனஸ் வாங்கிய தொழிலாளர்கள் ஊருக்குப் போனபின், முன்பே ஒத்திகை பார்த்த புதிய சர்வருக்குக் கடைசி நகல் மாற்றப்படும். லேபிள் பிரின்டர் மட்டும் ஒரு நாள் மக்கர் செய்யும்.

பழைய சர்வரைக் கழித்துவிடச் சொன்னால், ஜிஎஸ்டி கணக்கை 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்ற விதியைச் சரியாக எடுத்துச் சொல்வார். அப்படி வைப்பதானால் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு வைக்க வேண்டும். இவர் அதைச் செக்கிங் ஹாலுக்குக் கொண்டுபோய், கேமரா பார்க்க மாட்டிவிடுவார்.