ரத்தக் குழாய்ச் சந்தை: கல்வராயன் நிலவரம்

ரத்தக் குழாயைப் படம் பிடிக்கும் கருவிகளுக்கு உலகச் சந்தையில் அமோக எதிர்காலமாம். அறிக்கை எழுதுகிறவர்கள் ஆசியாவின் மேல்தான் கண்ணாக இருக்கிறார்கள். கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு ஏறினால் வருவதும் ஆசியாதான். கடுக்காய் பொறுக்கிப் பிழைக்கிற அந்த ஆசியாவுக்கு அவர்கள் வரைபடத்தில் என்ன நிறம் பூசியிருக்கிறார்களோ.

கருவியைக் குறை சொல்லவில்லை. ஓ.சி.டி. என்று ஒன்று. நூல் மாதிரி கதீட்டரை இதயக் குழாய்க்குள் விட்டு ஒளியால் படமெடுக்கும். 10, 15 மைக்ரான் நுணுக்கம். ஸ்டென்ட் சுவரோடு ஒட்டியதா இல்லையா என்பதுவரை தெரியும். சிக்கலான அடைப்பென்றால் உள்ளே படமெடுத்துப் பார்த்து ஸ்டென்ட் வையுங்கள் என்று 2024-இல் ஐரோப்பிய இதயவியல் கழகமும் சொல்லிவிட்டது. கருவியை ஒருமுறை வாங்கினால் போதும்; கதீட்டர் ஒரு தடவைக்குத்தான், அடுத்த நோயாளிக்குப் புதுசு. பெண் எடுத்தது ஒருமுறை, சீர் மட்டும் வருஷா வருஷம்.

விலைக்கு வருவோம். லட்சத்தைத் தாண்டியும் விற்ற மருந்து தடவிய ஸ்டென்டுக்கு, 2017 பிப்ரவரியில் 29,600 ரூபாய் என்று கடிவாளம் போட்டது தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம். மறுவருஷம் அதே ஆணையம் டெல்லிப் பக்கத்து நாலு தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்லைப் பிரித்துப் பார்த்தது. மருந்து, ஊசி, குழாய் வகையறாவில் லாபம் 1,737 சதவீதம் வரை! கடுக்காய்க்கு விலை சொல்கிறவன் வாங்குகிறவன். கதீட்டருக்கு விலை சொல்கிறவன் விற்கிறவன். மலையில் இருப்பவனுக்கு இரண்டு தராசிலும் வாய் கிடையாது.

விலை இருக்கட்டும். மலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் சாய்ந்தவருக்கு, "வாயுதான், இஞ்சி தட்டிக் குடு" என்பதில் ஒரு மணி நேரம் போகும். தூளி கட்டி வண்டி வருகிற இடம்வரை தூக்குவதில் இன்னொன்று. ஆஸ்பத்திரி வாசலை மிதித்த 90 நிமிஷத்துக்குள் அடைத்த குழாயில் பலூன் விரிய வேண்டும் என்கிறது வைத்திய சாஸ்திரம். வாசலை மிதிக்க எத்தனை நிமிஷம் என்று அந்தக் கடிகாரம் கேட்பதில்லை. 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் கொடுக்கிறார்கள். நல்ல காரியம், மறைக்க மாட்டேன். மாத்திரை கொஞ்சம் தாக்குப்பிடிக்க வைக்கும், ரோடு போடாது.

மலைக்குள் போக வழியே இல்லை என்றால் அதுவும் பொய். 2024 ஜூனில் கீழே கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. உயிருக்குப் போராடிக் கிடந்தவர்களைச் சேலம், முண்டியம்பாக்கம், ஜிப்மர் என்று பங்கு போட்டு ஏற்றி அனுப்பினார்கள். கொன்றது மெத்தனால், மலை அடுப்பில் காய்ச்சுகிற சரக்கல்ல, தொழிற்சாலைச் சரக்கு. ஆனாலும் போலீஸ் மலையேறி, ஓடை ஓடையாகப் புகுந்து ஊறல் பேரல்களைக் கவிழ்த்தது. எந்தப் புதருக்குப் பின்னால் எது இருக்கிறது என்று அன்றைக்கு அரசாங்கத்துக்கு மைக்ரான் சுத்தமாகத் தெரிந்தது. இங்கே ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் என்ன கதி என்று கேட்க, உயர் நீதிமன்றம் தானாக வழக்கு எடுக்க வேண்டியிருந்தது.

ஊறலைத் தேடி ஏறிய தடத்தில் 108 ஆம்புலன்ஸ் ஏன் திணறுகிறது? அந்த அடைப்பை எந்தக் கருவியிலாவது படமெடுத்துக் காட்டினால் தேவலை.