கடைசி கோல் யார் பேரில் பட்டா?

என் மாமாவுக்கு ஊர் விழுப்புரம், பெரியப்பாவுக்குத் திண்டிவனம். மாமா ரயில்வேயில் டி.டி.ஆராக இருந்து ரிட்டயர் ஆனவர்; யாரைப் பார்த்தாலும் முதலில் சந்தேகப்படுவார். பெரியப்பா தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். எதைக் கேட்டாலும் “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்பார். இந்த இரண்டு பேரும் பொங்கலுக்குப் பொங்கல் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு முறம் வறுத்த வேர்க்கடலையை நடுவில் வைத்துக்கொண்டு, பல வருஷமாக ஒரே ஒரு வழக்கை நடத்திவந்தார்கள். 1960 ரோம் ஒலிம்பிக் கால்பந்தில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியா போட்ட கோல் யாருடையது?

“கடலை நம்ம ஊரு ரகம். டி.எம்.வி.ன்னா திண்டிவனம்னு அர்த்தம், தெரியுமில்ல?” என்று பெரியப்பாதான் ஆட்டத்தைத் தொடங்குவார். அது உண்மைதான். எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அங்கே இருப்பதால் ரகத்துக்கே ஊர்ப் பெயர் வந்துவிட்டது. மாமா பதிலுக்கு, விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து ஐந்து திசைக்குப் பாதை பிரிகிறது என்பார். 1–1. அதற்கப்புறம்தான் வழக்கு.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் யாரைக் கேட்டாலும் அந்த கோல் சைமன் சுந்தரராஜ் போட்டது என்பார்கள். ஒலிம்பிக்கில் இந்தியாவின் கடைசி கோலை அடித்தவர் என்றுதான் பத்திரிகைகள் அவரை அறிமுகப்படுத்தும். ஆனால் சில புள்ளிவிவரப் பட்டியல்களைப் புரட்டினால் அதே கோலுக்கு நேரே துளசிதாஸ் பலராம் என்று இருக்கும். “ஒரே சர்வே நம்பர், ரெண்டு பட்டா” என்று பெரியப்பா கையைத் தேய்த்துக்கொள்வார். அவர் உத்தியோகத்தில் இருந்த காலத்தில் அவருக்கு மிகவும் பிடித்த வகை ஃபைல் அதுதான்.

வழக்கென்றால் மூலப்பத்திரத்திலிருந்து பார்க்க வேண்டும்.

மூலப்பத்திரம் 1948, லண்டன். நாடு சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம்கூட முடியவில்லை. பிரான்ஸ் பூட்ஸோடு வந்தது. நம் ஆட்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு இறங்கினார்கள். கேப்டன் டாலிமெரென் ஆவோவிடம் காரணம் கேட்டபோது, நாங்கள் ஆடுவது காலால் ஆடும் ஆட்டம், நீங்கள் ஆடுவதுதான் பூட்ஸால் ஆடுவது என்ற மாதிரி பதில் சொன்னதாகக் கதை. பதில் பிரமாதம். ஆட்டத்தில் இரண்டு பெனால்டி கிடைத்து, இரண்டையும் வீணடித்தோம். 70-ஆவது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் பிரான்ஸ் ஒன்று போட்டு 2–1 என்று ஜெயித்துக்கொண்டு போனது.

1952, ஹெல்சிங்கி. வடதுருவத்துக்குப் பக்கத்து ஊர், அங்கேயும் பூட்ஸ் போட மனசு வரவில்லை. யூகோஸ்லாவியா 10 கோல் போட்டது. நம் பங்குக்கு அகமது கான் ஆட்டம் முடிகிற தருவாயில் ஒன்று. “நம்ம பாசஞ்சர் வண்டி மாதிரி. லேட்டு, ஆனா வந்துச்சில்ல?” என்பார் மாமா. அதற்குப் பிறகுதான் சங்கத்துப் பெரியவர்களுக்கு ஞானம் வந்து, இனிமேல் பூட்ஸ் கட்டாயம் என்று சொன்னார்கள். 10 கோல் வாங்கினால்தான் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கத் தோன்றுகிறது.

1956 மெல்போர்னில் நாம் 4-ஆவது இடம். இதைச் சொல்லும்போது மாமா எழுந்து நின்றுகொள்வார். கணக்கை விசாரித்தால் கொஞ்சம் உட்காரலாம். முதல் சுற்றில் ஹங்கேரி வரவே இல்லை. அடுத்து ஆஸ்திரேலியாவை 4–2 என்று அடித்தோம். நெவில் டிசோசா ஹாட்ரிக், அது நிஜமான சாதனை. அப்புறம் யூகோஸ்லாவியாவிடம் 4–1, பல்கேரியாவிடம் 3–0. ஆடியது மூன்று, ஜெயித்தது ஒன்று, உலகத்தில் நான்காவது! பெரியப்பா இதை “ஆன் டூட்டி” என்று வர்ணிப்பார். ஆபீஸுக்கு வராமலே அட்டெண்டன்ஸ் போட்ட மாதிரி.

சரி, 1960. ரோம் ஒலிம்பிக் என்று பெயரே தவிர, இந்தியாவின் ஆட்டங்கள் ரோமில் நடக்கவில்லை; வெளியூர்களில் நடந்தன. சென்னையில் கல்யாணம் என்று பத்திரிகை அடித்துவிட்டு மண்டபத்தைத் திண்டிவனத்தில் பிடித்த மாதிரி. பயிற்சியாளர் ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம், அடிப்படையில் பள்ளிக்கூட வாத்தியார். கேப்டன் பி.கே. பானர்ஜி. கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். சென்டர் ஃபார்வர்டாக ஆடத் தொடங்கி, பிறகு வலைக்கு முன்னால் வந்து நின்றவர். ஓட வேண்டிய வேலையைவிட்டு நிற்கிற வேலைக்கு வந்தது கெட்டிக்காரத்தனம் என்று பெரியப்பா அவரை மட்டும் மனதாரப் பாராட்டுவார்.

முதல் ஆட்டம் ஹங்கேரியோடு. இந்தத் தடவை அவர்கள் வந்துவிட்டார்கள், அதுதான் சங்கடம். ஃப்ளோரியன் ஆல்பர்ட் என்று 18 வயசுப் பையன் ஒருவன் கோல் போட்டான். பின்னால் 1967-இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவன் அவன்தான். பலராம் ஒன்று திருப்பிப் போட, 2–1 என்று தோற்றோம். அடுத்து பிரான்ஸ். பானர்ஜி கோல் போட்டு முன்னிலை கொடுத்தார். 1948-க்குப் பழி தீர்த்தாயிற்று என்று கையைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் சமன் செய்துவிட்டார்கள். 1–1.

இங்கே மாமாவின் கணிதம் ஒன்று உண்டு. அதே ஹங்கேரி பிரான்ஸுக்கு 7 கோல் போட்டது, பெருவுக்கு 6. நமக்கு வெறும் 2. “அப்போ பிரான்ஸைவிட நாம எத்தனை பங்கு ஒசத்தி, நீங்களே சொல்லுங்க மச்சான்?”

“அந்தக் கணக்குப்படி நாமதானே குரூப்புல முதல் இடம்? கடைசியா வந்தது எப்படி மாப்ள?”

மாமா கடலை உடைப்பார்.

பெருவோடு மூன்றாவது ஆட்டம். அவர்கள் 3 போட்டார்கள். மூன்றாவதை அடித்தவர் பெயர் இவாசாகி. “பெருவுல ஜப்பான்காரனுக்கு என்ன வேலை?” என்று பெரியப்பா ஒவ்வொரு வருஷமும் கேட்பார். குடியேறியவர்கள் பிள்ளைகள் என்று மாமா ஒவ்வொரு வருஷமும் சொல்வார். அப்புறம் 88-ஆவது நிமிடம். இந்தியா ஒன்று போட்டது. 3–1. வழக்குக்கான சொத்து அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், பலராமும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் பிறந்தவர், அம்மா பெயர் முத்தம்மா. ஆக எந்தக் கட்சி ஜெயித்தாலும் சொத்து நம் வீட்டுக்குள்தான். சண்டைக்கு அவசியமே இல்லை. ஆனால் அவசியம் இல்லாத சண்டையைத்தான் நாம் கோர்ட்டுவரை கொண்டுபோவோம்.

1994-இல் இந்த வழக்குக்குப் புது சாட்சி கிடைத்தது. உலகக் கோப்பையில் ருமேனியாவின் ஹாஜி கொலம்பியாவுக்கு எதிராக இடது கோட்டோரத்திலிருந்து ஒரு பந்தைத் தூக்கி அனுப்பினார். அது கீப்பர் தலைக்கு மேலே போய் வலையில் விழுந்தது. டிவியில் அதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். “ஹாஜின்னா மெக்காவுக்குப் போய்ட்டு வந்தவரா?” என்றார் பெரியப்பா. “அது பேரு மச்சான். நடுவரிசை ஆட்டக்காரன். பந்து எங்க போகணும்னாலும் அவனைத் தாண்டித்தான் போகணும். நம்ம ஜங்ஷன் மாதிரி.” பெரியப்பாவுக்கு ஜங்ஷனில் அக்கறை இல்லை. அவர் பிடித்துக்கொண்டது வேறு. “பாத்தியா, ஒரு கோலு, பத்து கேமரா. எவனாவது ஆட்சேபணை மனு போட முடியுமா? 1960-ல ஒரே ஒரு கேமரா ஒழுங்கா திரும்பியிருந்தா நமக்குப் பொங்கலுக்குப் பேச என்ன இருந்திருக்கும்?”

மாமாவிடம் எனக்கு ஒரு விஷயம் வெகுகாலம் புரியவில்லை. ஊரே சைமனுக்கு ஓட்டுப் போடும்போது இந்த மனுஷன் மட்டும் பலராம் கட்சி. பெரியப்பாதான் ஒரு நாள் வில்லங்கத்தை எடுத்துப் போட்டார்.

1973, சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டம், எர்ணாகுளம். கேரளமும் ரயில்வேயும். கேரளத்துக்கு கேப்டன் மணி மூன்று கோல் போட்டார். 3–2. கேரளம் முதல் தடவையாகக் கோப்பையைத் தூக்கியது. ரயில்வே வெறுங்கையோடு வண்டி ஏறியது. அந்தக் கேரள அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் சைமன் சுந்தரராஜ்.

“நம்மாளுன்னு நெனச்சேன். நம்ம டிபார்ட்மென்டையே தோக்கடிச்சிட்டான்” என்றார் மாமா. 20 வருஷத்துக் கோபம் பச்சையாக இருந்தது. ரயில்வேயை ஜெயிக்க ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்த ஆளுக்கு மாமா ஒரு கோலைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார், வித்தவுட்டில் வந்தவனுக்கு பெர்த் கொடுக்காத மாதிரி.

2023 பிப்ரவரியில் பலராம் காலமானார். ஜகார்த்தாவில் 1962 ஆசியத் தங்கம் வாங்கிய அணியிலும் இருந்தவர். அர்ஜுனா விருதோடு சரி, பத்ம விருது எதுவும் அவருக்கு வரவில்லை. அதற்கடுத்த பொங்கலுக்குத் திண்ணையில் சத்தம் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. முறத்தில் கடலை மீதி இருந்தது. பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக அடுத்த வாரத்துக்குத் தள்ளாமல் ஒரு ஃபைலை முடித்துவைத்தார்.

“கூட்டுப் பட்டாவா போட்டுக் குடுத்துடலாம் மாப்ள.”

மாமா ரொம்ப நேரம் யோசித்தார். “சரி. ஆனா பலராம் பேரு முதல்ல வரணும்.”

அந்தப் பெரு ஆட்டத்துக்குப் பிறகு இந்திய ஆண்கள் கால்பந்து அணி ஒரு ஒலிம்பிக்கிலும் ஆடவில்லை.