லால்பாக்கில் மூத்தவர் யார்?

கே: பெங்களூரு லால்பாக்கில் எல்லாரையும்விட வயதில் மூத்தவர் யார்? (ஓசூர் வாசகர்)

ப: பலத்த போட்டி! தோட்டம் போட ஆரம்பித்தவர் ஹைதர் அலி, 1760-ல். பலகை பலகையாய் வேர் விரித்து நிற்கும் இலவ மரத்துக்கு ஏறத்தாழ 200 வயது. அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கும். அதைவிட மூத்தது அங்கிருக்கும் கல்மரம். வயது சுமார் 2 கோடி ஆண்டு, சொந்த ஊர் நம்ம விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரை! ஆனாலும் கெம்பேகௌடா கோபுரத்தைத் தலையில் தாங்கி நிற்கிற பாறைக்கு முன் அதுவும் கைக்குழந்தைதான். அந்தப் பாறை உருவாகி 300 கோடி ஆண்டு ஆகிறது. மேலே ஏறுங்கள், காற்று வாங்குங்கள். காதலி பெயரை மட்டும் செதுக்காதீர்கள்.

கே: லால்பாக்குக்கும் எங்கள் சமையலறைக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? (வேலூர் வாசகி)

ப: இன்று மதியம் சௌசௌ கூட்டா? அப்படியென்றால் சம்பந்தம் இலையிலேயே இருக்கிறது. மெக்சிகோ பக்கத்துக் கொடி அது. 1874-ல் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஜான் கேமரன் அதை லால்பாக்கில் வளர்த்துப் பரப்பினார். நம் சந்தையில் பெங்களூர்க் கத்தரிக்காய் ஆகிவிட்டது.

கே: ராஜா போட்டார், வெள்ளைக்காரர் வளர்த்தார். மண்வெட்டி பிடித்தது யார்?

ப: நல்ல கேள்வி. திகளர்கள். தமிழ் வேர் கொண்ட தோட்டக்காரச் சமூகம். பெங்களூரு கரகத் திருவிழாவை நடத்துகிறவர்களும் அவர்களே. ஹைதரைத் தெரிந்த அளவுக்கு அவர்களையும் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

கே: மலர்க் கண்காட்சி எப்போது?

ப: குடியரசு தினம், சுதந்திர தினத்தையொட்டி. மரங்களைப் பார்க்க வேண்டுமானால் சாதாரண செவ்வாய்க்கிழமைக் காலையில் போங்கள்.

கே: கிழ மரங்கள் மழையில் சாய்கின்றனவே, முன்கூட்டியே வெட்டிவிட்டால் என்ன?

ப: மனது பதறுகிறது ஐயா! எந்த ஊரிலும் சரி, மரத்தின் வேர் கிளை நிழலையும் தாண்டி ஓடும். அதன்மேல் சிமென்ட் தளம் போடுகிறோம், குழாய்க்குப் பள்ளம் தோண்டி வேரை அறுக்கிறோம். அப்புறம் பலத்த காற்றடித்தால் பழி மழைக்கு! கோடரியைக் கீழே வைத்துவிட்டு, அடிமரத்தைச் சுற்றியிருக்கிற சிமென்டைப் பெயர்க்கச் சொல்லுங்கள். தண்ணீரும் காற்றும் மண்ணுக்குள் இறங்கட்டும்.

கே: லால்பாக் ஏரியில் படகு விட்டால் கூட்டம் வருமே?

ப: கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது. நீர்க்காகம், கொக்கு, மீன்கொத்தி எல்லாம் அங்கேதான் குடித்தனம். படகு விட்டால் அவை கிளம்பிவிடும். கரையில் நடக்க நல்ல பாதை இருக்கிறது. படகுக் கட்டணத்தில் வெளியே சுண்டல் வாங்கிக்கொள்ளுங்கள்.