மேற்கோள் மகாத்மியம்

1906 நவம்பரில் ஜெர்மனியின் டூபிங்கனில் அலோய்ஸ் அல்சைமர், ஞாபகசக்தியை இழந்து இறந்த ஒரு பெண்ணின் மூளையில் தாம் கண்ட படிவுகளை விவரித்தார். பேசி முடித்ததும் அவையில் ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அடுத்த பேச்சாளரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பாவம், இன்றைய பதவி உயர்வுக் குழுவின் முன் நின்றிருந்தால், “உங்கள் ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு சார்?” என்று கேட்டு வாசலைக் காட்டியிருப்பார்கள்.

அந்த அளவுகோல் 2005-ல் ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் தந்தது. உங்கள் கட்டுரைகளில் 40, தலா 40 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் மதிப்பெண் 40. ஏன் காட்டினார்கள் என்பது அதற்குத் தேவையில்லை. கிட்டத்தட்ட மொய் நோட்டுதான்: நீ எனக்கு எழுது, நான் உனக்கு எழுதுகிறேன்.

அல்சைமரின் பேச்சுக்குச் சரியாக நூறாண்டு கழித்து, 2006-ல், அவர் பெயரைத் தாங்கிய மறதி நோய் பற்றி ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. எலிகளின் ஞாபகத்தைக் கெடுக்கும் புரதத்தைப் பிடித்துவிட்டோம் என்றது. இரண்டாயிரத்துக்கும் மேல் மேற்கோள்கள். 2022-ல் அதன் படங்கள் மீது சந்தேகம் கிளம்பியது. 2024-ல் கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. நம்பி எழுதியவர், “தேடினோம், அந்தப் புரதம் கிடைக்கவில்லை” என்று எழுதியவர், எல்லாருமே கணக்கில் ஆளுக்கொரு மேற்கோள்.

ஆகவே, ஆயிரம் மேற்கோள் பெற்ற ஆய்வு என்று யாராவது மாத்திரை விற்க வந்தால், அந்தச் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தவர் எத்தனை பேர் என்று கேளுங்கள்.